கை எக்ஸ்ரேயில் டொக்டர் தேடியது

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் தையல் வேலை செய்கிறேன். எனக்கு முடக்குவாதம் (ருமற்றொயிட் ஆத்திரைட்டிஸ்) என்ற மூட்டு நோய். காலமை எழும்பினால் இரண்டு கையும் விறைத்துக் கிடக்கும். தேங்காய்ப்பால் பிழிய விரல் மடங்காது. வெயில் ஏறின பிறகுதான் கத்தரிக்கோல் பிடிக்கலாம். இதை வயல்வேலை நோ என்று நினைத்துப் பாமசிக் குளிசையோடு காலம் தள்ளுகிற பெண்கள் எங்கள் பக்கம் கனபேர். தேய்ந்த மூட்டென்றால் அநேகமாக அரை மணித்தியாலத்துக்குள் இளகிவிடும். ஒரு மணித்தியாலம் தாண்டியும் இளகாமல், அடிமொளிகள் (விரல் உள்ளங்கையோடு சேருகிற மூட்டுகள்) வீங்கியும் இருந்தால் தயவுசெய்து காட்டுங்கள்.

மாங்குளம் வரை ஒரு பஸ், பிறகு ஏ-9 வீதியால் யாழ்ப்பாணம். கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். எக்ஸ்ரேத் துண்டில் கைகளோடு பாதங்களும் எழுதியிருந்தது. கால் நோகவில்லையே என்றேன். "சிலருக்குச் சின்னக் கால்விரலின் அடியிலதான் முதல் எலும்பை அரிக்கும் அக்கா. நோவே தெரியாது" என்றார் டொக்டர்.

படத்தை வெளிச்சத்தில் வைத்து, சுட்டுவிரல் அடிமொளியில் பெருவிரல் பக்க ஓரத்தைப் பேனையால் தொட்டுக் காட்டினார். எலும்பின் வெள்ளைக் கோடு அந்த இடத்தில் அறுந்து, எலி கறண்டின மாதிரிச் சின்னப் பள்ளம். ஏன் ஓரத்தில் என்று கேட்டேன். எலும்பு நுனியைக் குருத்தெலும்பு மூடியிருக்கும். மூட்டுறை ஒட்டுகிற ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மூடாமல் கிடக்கும். மூட்டின் உட்சவ்வு அழன்று தடிக்கும்போது முதலில் அந்த வெறும் எலும்பைத்தான் தின்னுமாம்.

எந்த இடத்தில் அரித்திருக்கிறது என்பதே நோயைப் பிரித்துக் காட்டும். எனக்கு வந்த முடக்குவாதம் அடிமொளி, நடுமொளி, மணிக்கட்டை இரண்டு கையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பிடிக்கும்; நகத்துக்குக் கிட்டின மொளியைப் பெரும்பாலும் விட்டுவிடும். சொரியாசிஸ் என்ற தோல் நோயோடு வருகிற வாதம் அந்த நுனிமொளியையும் பிடிக்கும். எலும்பு கரைகிற இடத்துக்குப் பக்கத்திலேயே புது எலும்பும் முளைக்கும். யூரிக் அமிலம் படிந்து வருகிற கவுட் என்றால் குழி மூட்டுக்குச் சற்றுத் தள்ளியும் விழும், அதன் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற லூப்பஸ் நோயில் விரல் கோணினாலும் பெரும்பாலும் பள்ளம் இராது.

தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். இரத்தச் சோதனையில் தேடுகிற முடக்குவாதக் காரணி என்ற புரதம் இல்லாமலும் இந்த நோய் வரும். இரண்டும் நல்லதென்று வீட்டில் இருந்துவிடக் கூடாது; அரித்த எலும்பு பழையபடி வளர்வது மிக அரிது.

எனக்கு மெதோட்ரெக்சேட் என்ற குளிசை தந்தார்கள். கிழமைக்கு ஒரேயொரு நாள்தான். நாளாந்தம் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று தாதி மிஸ் கொப்பியில் பெரிதாக எழுதி, போட வேண்டிய நாளையும் வட்டமிட்டுத் தந்தா. வேறொரு நாளில் போலிக் அமிலம். ஈரலையும் இரத்தத்தையும் அடிக்கடி சோதிக்க வேண்டும். பிள்ளை பெற நினைப்பவர்கள் இந்தக் குளிசையைத் தொடங்க முதலே டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

பழைய படங்களைப் பத்திரமாக வைத்துக் கொண்டுபோங்கள். அடுத்த படத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் மருந்தைக் கூட்டுவதா, மாற்றுவதா என்று தீர்மானிக்க உதவும். எனது பிந்திய படத்தில் புதுப் பள்ளம் ஒன்றும் இல்லை.