தூத்துக்குடிக்கு வந்தா மணி பாத்து சாப்பிடுங்க

தூத்துக்குடி வழியா போறவங்கள்ல பாதி பேரு திருச்செந்தூருக்கு போற வழியில வண்டிய ஓரங்கட்டி, ரெண்டு பாக்கெட் மக்ரூன் வாங்கிட்டு அப்பிடியே கெளம்பிருவாங்க. எனக்கு அதுல உண்மையிலயே வருத்தம். இவ்ளோ ருசியான ஊரு, ஆனா ரோட்டு மேல இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது, ஹார்பர் லாரியும் உப்பளமும் தெர்மல் கரண்டு ஸ்டேஷன் புகையும்தான் கண்ணுல படும். இங்க பெரிய பெயர் பலகை வச்ச ஓட்டல்ல நல்ல சாப்பாடு தேடி பிரயோஜனம் இல்ல. இது வேலை செய்யுற ஊரு, கடலுக்கு போறவங்க, ஹார்பர்ல ஷிஃப்ட் பாக்குறவங்க, உப்பளத்துல விடியக்காலையில எறங்குறவங்க, அவங்க நேரத்துக்குத்தான் கடைங்க தெறக்கும், அவங்க நேரத்துக்குத்தான் மூடும். அதனால இங்க சாப்பிட வர்றவங்க எந்த கடைன்னு கேக்குறதுக்கு முன்னாடி எத்தன மணிக்குன்னு கேக்கணும்.

காலையில இருந்தே ஆரம்பிக்கிறேன். முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல வந்து எறங்குறவங்க நேரா ரூமுக்கு போயி தூங்காதீங்க, அதுவும் மார்ச்சுல இருந்து ஜூன் வரைக்கும் உள்ள நாள்ல வந்தீங்கன்னா தூங்கவே தூங்காதீங்க, ஏன்னா அதுதான் பதநீர் சீசன், பதநீருக்கு வெயில் ஆகாது. ராத்திரி முழுக்க பாளையில இருந்து சொட்டுச்சொட்டா கலயத்துல எறங்குறது, கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவியிருக்கும், தடவலன்னா புளிச்சு கள்ளாயிரும். பனையேறி எறக்கிட்டு வந்த கொஞ்ச நேரத்துல குடிச்சாதான் அந்த இனிப்பு சுத்தமா இருக்கும். திருச்செந்தூர் ரோட்டுலயும் திருநெல்வேலி ரோட்டுலயும் ஓரமா சைக்கிள்லயோ டிவிஎஸ்லயோ குடம் கட்டி நிப்பாங்க, கடைக்கு பேரும் இல்ல ஒண்ணும் இல்ல. டம்ளர்ல வேண்டாம் அண்ணாச்சி, பட்டையில ஊத்துங்கன்னு கேளுங்க. பனை ஓலைய மடிச்சு கட்டி குடுப்பாங்க, நுங்க சீவி உள்ள போட்டு ரெண்டு கையாலயும் ஏந்தி குடிக்கணும், ஓலை வாசமும் பதநீர் வாசமும் சேந்து வரும் பாருங்க, அதுக்கு ஈடா இந்த ஊர்ல வேற குடிக்கிற சாமானே இல்லன்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

சீசன் இல்லாத மாசத்துல வந்தா கருப்பட்டி காபி, இல்லன்னா சாயங்காலம் சுக்கு காபி. உடன்குடி கருப்பட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சுது, எங்க ஊரு பக்கம் எல்லாருக்கும் அதுல பெருமைதான், ஆனா கருப்பட்டின்னு விக்கிற எல்லாம் கருப்பட்டி இல்ல, சீனியக் கலந்து காய்ச்சி ஊத்துறது நெறைய ஓடுது. தேரிக்காட்டு செம்மணல்ல வளந்த பனையோட கருப்பட்டிய வாயில போட்டா இனிப்புக்கு பின்னாடி லேசா ஒரு உப்பு கரிக்கும், நான் வாங்குறப்ப அதத்தான் பாப்பேன், வெறும் இனிப்பு மட்டும் இருந்தா வச்சுட்டு வந்துருவேன்.

இப்ப மக்ரூன். வாங்காதீங்கன்னு நான் சொல்லல, நல்ல எடத்துல வாங்குங்கன்னுதான் சொல்றேன். இதுல சேருற சாமானே மூணுதான், முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு. கலர் கெடையாது, எசன்ஸ் கெடையாது, நடுவுல கிரீம் வச்சு ஒட்டுறதும் கெடையாது. போர்ச்சுகீசியர் இந்தக் கரைக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டு, 1658ல டச்சுக்காரங்க ஊரப் புடிக்கிற வரைக்கும் அவங்க கைதான் ஓங்கியிருந்துச்சு, அவங்க வழியா வந்த பலகாரம்னுதான் ஊர்ல சொல்லுவாங்க. ஐரோப்பாவுல இதுக்கு பாதாம் போடுவாங்க, இங்க முந்திரி ஆயிருச்சு, அந்த முந்திரி மரத்தயும் பிரேசில்ல இருந்து இந்தியாவுக்கு கொண்டாந்தது போர்ச்சுகீசியருதான், ஆக பலகாரமும் கப்பல்ல வந்துருக்கு, அதுக்குள்ள போற பருப்பும் கப்பல்ல வந்துருக்கு, ரெண்டும் இந்த ஊரு அடுப்புல சேந்துருக்கு. எனக்கு இத நெனைக்கிறப்பலாம் மெய்சிலிர்க்கும்.

செய்யுறதுல ஒளிவுமறைவே இல்ல, ஆனா பொறுமை வேணும். வெள்ளைக்கருவ தனியாப் பிரிச்சு நொறை வர்ற வரைக்கும் அடிக்கணும், சீனிய கொஞ்சங்கொஞ்சமா சேத்து இன்னும் அடிக்கணும், பாத்திரத்த கவுத்தாலும் விழாத பதத்துக்கு வந்தப்புறம் பொடிச்ச முந்திரியப் போட்டு மெதுவா கெளறணும், அழுத்திக் கெளறுனா நொறை அமுங்கிப் போயிரும். அப்புறம் பேப்பர்ல கூம்பு கூம்பா வச்சு அடுப்புக்குள்ள தள்ளணும். அந்த அடுப்புதான் விஷயமே. பழைய பேக்கரிங்கள்ல வெறகு அடுப்புல ரொட்டியும் பன்னும் சுட்டு முடிச்சப்புறம் மிச்சமிருக்கும்ல ஒரு இளஞ்சூடு, அதுலதான் மக்ரூன் ராத்திரி முழுக்க வேகும், வேகும்னு சொல்றத விட காயும்னு சொல்லலாம். சூடு கூடுனா மேல செவந்துரும், கொறஞ்சா உள்ள பிசுபிசுன்னு நிக்கும். சரியா வந்துருந்தா வெளிய மொறுக்குன்னு ஒடைஞ்சு, நாக்குல பட்டதும் கரைஞ்சு, கடைசியில முந்திரி மட்டும் பல்லுல நிக்கும். கணேஷ் பேக்கரி, தனலட்சுமி பேக்கரி ரெண்டும் ஊருக்கே தெரிஞ்ச பேரு, நான் ரெண்டுலயும் வாங்குவேன், எது ஒசத்தின்னு எங்க வீட்டுக்குள்ளயே சண்டை இருக்கு, அதுக்குள்ள நான் வர்ல. காத்து படாம கட்டித் தரச் சொல்லுங்க, கடக்காத்து ஈரம் பட்டா ஒரே நாள்ல நமுத்துரும், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில வாங்கினீங்கன்னா வீட்டுக்கு போனதும் டப்பாவுல போட்டு மூடிருங்க. முந்திரி வெலை தெரிஞ்சவங்களுக்கு ஒண்ணு புரியும், ரொம்ப மலிவா ஒருத்தரு மக்ரூன் விக்கிறாருன்னா அதுல முந்திரி எவ்ளோ இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

வண்டி வச்சு சுத்துறவங்களா இருந்தா முதலூர் போயி மஸ்கோத் அல்வா வாங்குங்க. தேங்காப்பால்ல கிண்டுறது, நெய் கெடையாது, தேங்கா எண்ணெயே பிரிஞ்சு வந்து பளபளன்னு நிக்கும். திருநெல்வேலி அல்வா மாதிரி இருக்கும்னு நெனச்சு வாங்காதீங்க, இது தனி.

மத்தியானம் மீன் சாப்பாடு, வேற பேச்சே கெடையாது. இதுக்கு நான் கடை பேரு சொல்லப் போறதில்ல, ஏன்னா எனக்குப் புடிச்ச எடமெல்லாம் வீட்டு முன்பக்கத்துல ஒரு குடும்பமே நின்னு நடத்துற மெஸ்ஸு, நாலு டேபிள் போட்டு வச்சுருப்பாங்க, அக்கா சமைப்பாங்க, அண்ணாச்சி பரிமாறுவாரு, குழம்பு தீந்துருச்சுன்னா கதவ சாத்திருவாங்க. பீச் ரோட்டுல இருந்து திரேஸ்புரம் பக்கம் நடந்து போயி, ஆட்டோக்காரங்க எங்க உக்காந்து சாப்பிடுறாங்கன்னு பாருங்க, அங்க போங்க. ஒரு மணிக்கு முன்னாடி போறது நல்லது, ரெண்டரைக்கு போனா ரசமும் மோரும்தான் மிச்சம் இருக்கும்.

உள்ள போனதும் என்ன மீன் இருக்குன்னு கேளுங்க, வஞ்சிரம் இருக்கான்னு கேக்காதீங்க. வெளியூர்க்காரங்க எல்லாருக்கும் வஞ்சிரம் வறுவல்தான் வேணும், அது இல்லன்னா மொகம் சுருங்கிரும், ஆனா அன்னைக்கு வள்ளத்துல வந்த சாளைய, அதாவது மத்தி மீன, மாங்கா போட்டு தேங்கா அரைச்சு வச்ச குழம்புக்கு முன்னால வஞ்சிரம் நிக்காது. விளமீன், பாறை, கணவாய், நண்டு, நெத்திலி, அன்னைக்கு என்ன கெடச்சுதோ அதுதான் மெனு. நெத்திலிய அவியலா வைப்பாங்க பாருங்க, மாங்காயும் சின்ன வெங்காயமும் போட்டு, சட்டியோட வச்சா நான் காலி பண்ணிருவேன். வருஷா வருஷம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்கு போகாது, மீன் முட்டை போடுற காலம், அப்ப நாட்டுப்படகு மீனுதான் வரும், வெலையும் ஏறும். அந்த நேரத்துல ஒரு மெஸ்ஸுல இன்னைக்கு மீன் கொறைச்சலா இருக்குன்னு சொன்னாங்கன்னா அந்த மெஸ்ஸ நம்பலாம், தடைக்காலத்துலயும் எல்லா மீனும் எல்லா நாளும் இருக்குன்னா அது எங்கேயோ ஐஸ்ல கெடந்து வந்தது.

சாயங்காலம் ரோச் பூங்கா பக்கம் காத்து வாங்க போங்க, ஒரு டீ, ஒரு வடை, போதும். வயித்த நெறைச்சுறாதீங்க, ராத்திரிக்குத்தான் ஊரே முழிக்கும்.

ஏழு மணிக்கு மேல தூத்துக்குடி தெருவுல நடந்தா டக்கு டக்குன்னு கல்லுல தட்டுற சத்தம் கேக்கும். பரோட்டா கடை. எங்க ஊர்ல இதுக்கு நைட் கிளப்புன்னு பேரு, வெளியூர் ஃபிரண்ட்ஸ கூட்டிட்டு போறப்ப ஒவ்வொருத்தரும் முழிப்பாங்க. கடையில ஏசி இருக்காது, முன்னால பெரிய கல்லு, அதுல எண்ணெய் மெதக்கும், பரோட்டா மெட்ராஸ்ல கெடைக்கிற மாதிரி தட்டு சைஸுக்கு மெத்துன்னு இருக்காது, உள்ளங்கை அளவுதான், எண்ணெயில பொரிஞ்சு ஓரமெல்லாம் பொன்னிறமா மொறுமொறுன்னு இருக்கும். மாவ பெசஞ்சு எண்ணெய் தடவி ஈரத்துணி போட்டு ஊற வைக்கிறதுலயே பாதி வேலை முடிஞ்சுரும், மிச்சம் மாஸ்டர் கையில. வீசி மெல்லிசாக்கி, மடிச்சு சுருட்டி, தட்டி, கல்லுல போட்டு, எடுத்து அடுக்கி வச்சு ரெண்டு பக்கமும் கையால அடிப்பாரு, அந்த அடியிலதான் அடுக்கு அடுக்கா பிரியும். சூடு தாங்குற கை அது. பகல்ல ஒரு வேலை பாத்துட்டு ராத்திரி கல்லு முன்னாடி நிக்கிறவங்களும் இருக்காங்க, வேலை முடிஞ்சு போறப்ப ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டு போங்க, அவங்களுக்கு அது பெருசு.

சாப்பிடுற முறை இருக்கு. எலையில பரோட்டாவ போட்டதும் நல்லா பிச்சு போட்டுருங்க, அப்புறம் சால்னா ஊத்தச் சொல்லுங்க. சால்னாவ தொட்டு சாப்பிடுற ஆள இங்க ஒரு மாதிரிதான் பாப்பாங்க, பரோட்டா முங்கணும். முதல்ல எம்டி சால்னா ஊத்தி சாப்பிட்டு பாருங்க, கறி இல்லாத சால்னா ருசியா இருந்தா அந்த கடையில எல்லாமே ருசியா இருக்கும், இது நான் எல்லா ஊர்லயும் பாக்குற கணக்கு. பொரிச்சதுனால ஊத்துன உடனே கொழஞ்சு போகாது, மேல ஊறியிருக்கும், அடியில இன்னும் மொறுமொறுப்பு நிக்கும், ஒரே வாயில ரெண்டும் வரும். கூட நாட்டுக்கோழியோ, ஈரலோ, பாதி வெந்த முட்டையா ஒரு கலக்கியோ. எந்த கடைன்னு கேட்டா, குடும்பத்தோட பார்சல் வாங்க தூக்குச்சட்டிய எடுத்துட்டு வந்து நிக்கிறாங்கல்ல, அந்த கடை. தூக்குச்சட்டி எடுத்துட்டு வர்றவங்க ஒரே தெருக்காரங்க, பல வருஷமா வாங்குறவங்க, அவங்கள ஏமாத்த முடியாது.

இந்த மாதிரி கடைங்கள்ல ரொம்ப பேரு அடுத்த தலைமுறைக்கு குடுக்க ஆள் இல்லாம நிக்கிறாங்க, பையன் படிச்சு சென்னைக்கோ துபாய்க்கோ போயிருப்பான், நல்லதுதான், ஆனா கல்லு முன்னாடி நிக்க ஆள் கெடைக்க மாட்டேங்குதுன்னு அண்ணாச்சிங்க சொல்றப்ப எனக்கு மனசு என்னமோ பண்ணும். பிரைட்டா லைட் போட்ட பெரிய ஓட்டலுங்க வரட்டும், யாரு வேண்டாம்னா, ஆனா வெளியூர்ல இருந்து வர்றவங்க ஒரு வேளையாவது இந்த சின்ன கடையில சாப்பிட்டாங்கன்னா அந்த காசு நேரா அந்த வீட்டுக்கு போகும்.

சாப்பிட்டு முடிச்சு பக்கத்துல பொட்டிக்கடையில ஒரு பன்னீர் சோடா, அப்புறம் ஆத்தூர் வெத்தலை. ஆத்தூரு நம்ம மாவட்டம்தான், தாமிரபரணி தண்ணியில வளருற கொடி, இதுக்கும் புவிசார் குறியீடு இருக்கு. நல்ல காரம் உண்டு, பழக்கமில்லாதவங்க பாதி வெத்தலை போட்டா போதும்.

ஒரு விஷயம் மட்டும், ஜூலை 26ல பனிமய மாதா கோயில் கொடியேறி ஆகஸ்ட் 5 வரைக்கும் திருவிழா நடக்கும், அப்ப ஊர்ல ரூம் கெடைக்காது, பேக்கரியில வரிசை நிக்கும், பரோட்டா கடையில நின்னுக்கிட்டேதான் சாப்பிடணும், ஆனா பீச் ரோடு பூரா கடையா போட்டுருப்பாங்க, நான் வருஷத்துல ஒரு வாரம் தேர்ந்தெடுக்கச் சொன்னா அந்த வாரத்தத்தான் சொல்லுவேன். ரூம மட்டும் ஜூன்லயே போட்டு வச்சுக்கோங்க.