டெல்டாவிலிருந்து சோழமண்டலத்துக்கு: ஒரு குழுக் கண்காட்சியை நடத்தி முடித்த அனுபவம்

காவிரி டெல்டாவின் சிற்றூர்களில் இருந்துகொண்டு ஓவியமும் சிற்பமும் அச்சோவியமும் செய்துவரும் நண்பர்கள் நாங்கள் அறுவர். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் கலைஞர் கிராமத்தின் காட்சிக்கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, எங்கள் படைப்புகளை ஒரு வாரம் காட்சிக்கு வைத்தோம். ஊர் திரும்பியதிலிருந்து, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்து முடித்த இளைஞர்கள் பலர், இடம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இடம் கிடைப்பது இந்த வேலையில் சிறு பங்குதான். அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை என்பதால், தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் நகரத்துத் தனியார் கேலரி ஒன்றை அணுகினோம். படங்களைப் பார்ப்பதற்கு முன்பே, எங்களில் யாராவது தேசிய விருது பெற்றிருக்கிறார்களா, இதற்கு முன் எவ்வளவுக்கு விற்றிருக்கிறது என்ற இரண்டு கேள்விகள் வந்தன. அதன் பிறகு பதில் இல்லை. வணிகமாக நடத்துபவர்கள் அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கலாம். ஆனால் முதல் கண்காட்சியே நடத்தாதவர் விலை வரலாற்றுக்கு எங்கே போவார்?

சோழமண்டலத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அதன் வரலாறே காரணம். சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் அதைத் தொடங்கினார்கள். ஓவியத்தை விற்று மட்டும் வாழ முடியாத அந்தக் காலத்தில், அவர்கள் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்த வருமானத்தில் கடலோர மணல்நிலத்தை வாங்கி, அங்கேயே வீடும் வேலைக்கூடமும் கட்டிக்கொண்டார்கள். கலைஞர்களே நிலம் வாங்கி, கலைஞர்களே நிர்வகித்த இடத்தில் எங்கள் முதல் கண்காட்சி நடக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே எழவில்லை.

விண்ணப்பம் என்று வரும்போது, முடிவெடுப்பவர்கள் உங்கள் ஓவியத்தைப் பார்ப்பதில்லை, அதன் புகைப்படத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே புகைப்படத்துக்கு ஓவியத்துக்குரிய மரியாதையைக் கொடுங்கள். நேர்வெயில் படாத திண்ணையிலோ மேகமூட்டமான நாளில் முற்றத்திலோ ஓவியத்தைச் செங்குத்தாக நிறுத்தி, கேமராவின் லென்ஸ் அதன் மையத்துக்கு நேராக இருக்குமாறு வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும். கேமரா சற்றுச் சாய்ந்தாலும் நாற்கரம் கோணலாகிவிடும். வார்னிஷ் பூசிய ஓவியத்தை, முடிந்தால், பூசுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் ஓவியர் பெயர், தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு ஆகியவை இருக்கட்டும். அளவில் உயரம் முதலிலும் அகலம் பிறகும் வருவது வழக்கம். இதை மாற்றி எழுதினால், சுவரில் இடம் ஒதுக்கும்போது நெட்டையான படம் கிடையாகக் கணக்கில் வந்துவிடும்.

கலைஞர் குறிப்பை ஆளுக்கு ஒரு பக்கம் எழுதினோம். முதல் வரைவுகள் எல்லாம் மண், மரபு, வேர் என்றே இருந்தன. எங்கள் குழுவில் லினோ அச்சு (லினோலியத் தகட்டில் படத்தைச் செதுக்கி, மை தடவித் தாளில் அச்செடுப்பது) செய்யும் தோழி மட்டும், நடவு வயலில் குனிந்து நிற்கும் பெண்களின் முதுகை தான் ஏன் மீண்டும் மீண்டும் செதுக்குகிறார், தன் தாயின் முதுகுவலி லினோ தகட்டில் எந்த வகை வெட்டாக மாறியது என்று எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு மற்ற எல்லோரும் தங்கள் குறிப்புகளைத் திருத்தி எழுதினோம். தமிழில் எழுதி முடித்த பிறகே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனோம். அந்த வரிசை மிகவும் உதவியது என்று உறுதியாகச் சொல்வேன்.

தேதி உறுதியானதும் தேர்வு தொடங்கியது. எல்லோரும் தங்களுக்குப் பிடித்ததை எல்லாம் கொண்டுவந்தால் சுவர் சந்தைக் கடையாகிவிடும். கூடத்தின் சுவர் நீளத்தைக் கேட்டு வாங்கி, வரைபடத் தாளில் அளவுக்கேற்ப வரைந்து, ஓவியங்களைத் தாள் துண்டுகளாக வெட்டி அதன்மேல் நகர்த்திப் பார்த்தோம். தன் படம் வெளியே போவதை யாரும் எளிதில் ஏற்கவில்லை. இருந்தாலும், இரண்டு படங்களுக்கு இடையே கண் இளைப்பாற வெறும் சுவர் வேண்டும் என்பதைத் தாளில் கண்ட பிறகு பேச்சு அடங்கியது.

ஓவியங்களைக் கொண்டுசெல்வதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கோடை வெப்பத்தில் அக்ரிலிக் வண்ணம் இளகும். இரண்டு கான்வாஸ்களை முகத்தோடு முகம் வைத்துக் கட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது வண்ணம் பெயர்ந்து வரும். குமிழித் தாளை நேராக முகத்தின்மேல் சுற்றினாலும் குமிழிகளின் வட்டத் தடம் பதிந்துவிடும். ஆகவே முதலில் ஒட்டாத வழவழப்புத் தாள், அதன் மேல் மெல்லிய பருத்தித் துணி, அதற்கு வெளியே குமிழித் தாள் என்று சுற்றி, நான்கு மூலைகளுக்கும் அட்டையை மடித்துத் தொப்பி போட்டோம். வேனில் ஏற்ற முடியாத பெரிய கான்வாஸை மரச்சட்டத்திலிருந்து கழற்றி, அகலமான பிவிசி குழாயின்மேல், வண்ணப் பக்கம் வெளியே இருக்குமாறு சுருட்டினோம். உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணப் படலம் நசுங்கி மடிப்பு விழும். சுடுமண் சிற்பங்களுக்கு எங்கள் ஊர் முறையே போதுமானதாக இருந்தது: பெட்டிக்குள் வைக்கோலை அடர்த்தியாகத் திணித்து, நடுவில் குழி பறித்து, சிற்பத்தை அதில் உட்காரவைத்தோம். ஒன்றுகூட உடையவில்லை.

விலை வைப்பதுதான் எங்களுக்கு மிகக் கூச்சமாக இருந்தது. தனியார் கேலரிகளில் விற்பனைத் தொகையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கழிவாகப் போவது வழக்கம். வாடகைக் கூடத்திலோ வாடகை, அழைப்பிதழ், வண்டிச் செலவு, சட்டம் போடும் கூலி எல்லாம் நம் தலையில். கான்வாஸ், வண்ணம், சட்டம் ஆகியவற்றின் அடக்கத்தையும் பொதுச்செலவில் ஒவ்வொருவரின் பங்கையும் முதலில் கூட்டிவிட்டு, அதற்கு மேல் உழைப்புக்கு என்று ஒரு தொகையைச் சேர்த்தோம். ஒரே ஓவியரின் ஒரே அளவுள்ள படங்களுக்கு ஏறத்தாழ ஒரே விலை இருக்கட்டும் என்றும், ஊரில் நண்பர்களுக்கு ஒரு விலை, சென்னையில் வேறு விலை என்று வைப்பதில்லை என்றும் பேசி முடிவு செய்தோம். அது வாங்குபவருக்கும் நேர்மை, நமக்கும் நேர்மை.

படங்களை மாட்டும் நாளில், இந்த வேலையில் பல ஆண்டு அனுபவம் உள்ள பெரியவர் ஒருவரை உதவிக்கு அழைத்திருந்தோம். நாங்கள் மேல் விளிம்புகளை ஒரே கோட்டில் வைக்கத் தொடங்கியபோது அவர் நிறுத்தினார். “மேல பாக்காதீங்க தம்பி. படத்தோட நடு, பாக்குறவங்க கண்ணுக்கு நேரா வரணும்” என்றார். தரையிலிருந்து 58 அங்குல உயரத்தில் சுவர் நெடுக ஒரு நூலைக் கட்டினார். அவர் சொன்ன கணக்கு எளிமையானது. 36 அங்குல உயரப் படம் என்றால் அதில் பாதி 18. பின்னால் உள்ள கம்பியை விரலால் இழுத்துப் பிடித்தால் அது மேல் விளிம்பிலிருந்து 3 அங்குலம் கீழே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 58உடன் 18ஐக் கூட்டி 3ஐக் கழித்தால் 73. கொக்கி 73 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். ரசமட்டத்தை வைத்துச் சரிபார்த்த பிறகு, படத்தின் கீழ் மூலைகளில் பின்புறமாகச் சிறிய ரப்பர் துண்டுகளை ஒட்டினார். காற்றாடிக் காற்றில் படம் நகராது, சுவரும் அழுக்காகாது. விளக்குகளைச் சுவரோடு சுமார் 30 பாகைக் கோணத்தில் விழுமாறு திருப்பியதும், கண்ணாடி போட்ட லினோ அச்சுகளில் இருந்த மினுமினுப்பு பெரும்பாலும் போய்விட்டது.

தொடக்க விழாவைச் சுருக்கமாக வைத்துக்கொண்டோம். வார நாள்களில் கூட்டம் குறைவு, சனி ஞாயிறுகளில் நல்ல கூட்டம். ஒவ்வொரு நேரத்திலும் எங்களில் ஒருவராவது கூடத்தில் இருக்க வேண்டும் என்று முறை வைத்துக்கொண்டது பெரும் நன்மையாக முடிந்தது. அதே வளாகத்தில் 2009இல் திறக்கப்பட்ட சென்னைக் கலை இயக்க (பணிக்கரும் அவர் கால ஓவியர்களும் உருவாக்கிய கலைப் போக்கு) அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வருபவர்கள், அங்கே கண்ட கோடுகளின் நினைவோடு எங்கள் படங்களின் முன் நின்றார்கள். தஞ்சாவூரைப் பூர்வீகமாகக் கொண்ட அம்மா ஒருவர், எங்கள் படங்களில் ஒன்றான மதகு ஓவியத்தைப் பார்த்து, தண்ணீர் திறந்தவுடன் முதலில் வரும் நுரை இந்த நிறம்தான் என்று சொல்லி, அருகில் இருந்த தன் பேரனுக்கு ஆற்றில் தண்ணீர் வரும் நாளைப் பற்றி நெடுநேரம் விளக்கினார். அவர் படம் வாங்கவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த இன்னொருவர் அதே படத்தை வாங்கினார்.

விற்ற படத்தின் பெயர்ச்சீட்டில் சிவப்புப் பொட்டு ஒட்டிவிட்டு, கண்காட்சி முடிந்த பிறகே படத்தை ஒப்படைப்போம் என்பதை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முன்பணம், மீதித் தொகை, ஒப்படைக்கும் நாள் எல்லாம் ரசீதில் எழுத்தாக இருக்கட்டும். இன்னொன்றையும் இளைஞர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஓவியத்தை விற்பதால் அதன் பதிப்புரிமை கைமாறிவிடாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எழுத்துபூர்வமாக எழுதிக் கொடுத்தால்தான் அது மாறும். காலண்டரிலோ அட்டையிலோ அச்சிட வாங்கியவர் தனியாக அனுமதி பெற வேண்டும். மூல ஓவியம் பின்னாளில் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் அதில் ஓவியருக்குப் பங்கு கோரும் உரிமையும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. எங்கள் ரசீதுகளின் கீழே இவற்றை இரண்டு வரிகளில் அச்சிட்டிருந்தோம். வாங்கியவர்கள் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

வரவு செலவைக் கூட்டிப் பார்த்தபோது பொதுச்செலவு திரும்ப வந்திருந்தது, சிலருக்குக் கையிலும் கொஞ்சம் மிஞ்சியது. விற்காத படங்களோடு அடுத்த கண்காட்சியைக் கும்பகோணத்திலேயே வைக்க வேண்டும் என்று இப்போது முயன்றுகொண்டிருக்கிறோம். எங்கள் படங்களில் வரும் மனிதர்களில் பெரும்பாலானவர்கள் ஈஞ்சம்பாக்கம் வரை வந்து அவற்றைப் பார்க்கவே இல்லை. கேட்டுப் பார்த்த மண்டபங்களில் எதிலும் சுவரில் ஆணி அடிக்க அனுமதி கிடைக்கவில்லை. அதனால் எட்டடி உயரப் பிளைவுட் தடுப்புகளை மடக்கி எடுத்துச் செல்லும்படி செய்து தர, நண்பரின் தச்சுப் பட்டறையில் சொல்லியிருக்கிறோம். சொந்தத் தடுப்புகள் இருந்தால் பள்ளிக்கூட வகுப்பறையிலும் கண்காட்சி வைக்கலாம். டெல்டாவில் வேறு குழுவினர் யாருக்குத் தேவைப்பட்டாலும் அவற்றை இரவலாகத் தருவோம். வண்டிச் செலவு மட்டும் எடுத்துச் செல்பவர்களுடையது.