கம்பெனி டீ-ஷர்ட்டுக்குக் கூப்பன்: மீதிப் பணத்தை யார் கட்டுவது?

எங்கள் அலுவலகம் பெங்களூரு வெளிவட்டச் சாலையில், பெல்லந்தூர் பக்கம். நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவத்துக்கு மஞ்சள்-சிவப்பு டீ-ஷர்ட், ஆண்டுவிழாவுக்கு ஹூடி என்று வருஷா வருஷம் மொத்தமாக அடித்து வாங்குவோம். சைஸ் கேட்டு ஃபார்ம் அனுப்பினால் பாதிப் பேர் நிரப்ப மாட்டார்கள். கடைசியில் யாருக்கும் சேராத டபுள் எக்ஸெல் மூட்டை ஸ்டோர் ரூமில் தூங்கும். 2025 தீபாவளிக்கு முன்னால் மேலிடம் ஒரு முடிவெடுத்தது: இதையெல்லாம் நமக்கு அடித்துத் தரும் திருப்பூர்க்காரர் நம் லோகோ போட்ட பொருட்களுக்கு ஆன்லைன் கடை திறக்கட்டும், ஆளுக்கு 1,500 ரூபாய்க்குக் கூப்பன் கொடுப்போம், வேண்டியதை அவரவரே வாங்கிக்கொள்ளட்டும். எச்.ஆரில் இருக்கும் என் தலையில் வேலை விழுந்தது.

முதல் யோசனை எல்லோருக்கும் ஒரே கூப்பன். செய்வது சுலபம்தான். ஆனால் அது வாட்ஸ்அப் குரூப்பில் விழுந்த அரை மணி நேரத்தில் வேலையை விட்டுப் போனவர்களிடமும் போய்ச் சேர்ந்துவிடும். கடை ஓடுவது வூகாமர்ஸ் என்ற ஆன்லைன் கடை மென்பொருளில். அதில் 'அனுமதிக்கப்பட்ட மின்னஞ்சல்' என்ற இடத்தில் நட்சத்திரக் குறியும் கம்பெனி டொமைனும் போட்டால் அந்த முகவரிக்காரர்கள் மட்டுமே பயன்படுத்த முடியும். நல்ல வசதி. இருந்தும் ஆளுக்குத் தனித்தனி கூப்பன், ஒவ்வொன்றும் ஒரே தடவை என்றே முடிவு செய்தோம். யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று சம்பளப் பிரிவுக்குப் பின்னால் கணக்குக் கொடுக்க வேண்டுமே. ஊழியர் எண்ணையே கூப்பனாக வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். பக்கத்து சீட்காரர் எண் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அது நிற்கவில்லை. பூஜ்யமும் 'ஓ'வும், ஒன்றும் 'ஐ'யும் வராத எழுத்துகளாகப் பொறுக்கி எக்ஸெல்லில் உருவாக்கி, ஒரு பிளகின் (மென்பொருளோடு சேர்க்கும் துணை நிரல்) வழியே ஏற்றினோம்.

அடுத்தது மிச்சக் காசு. 1,500 ரூபாய்க் கூப்பனைப் போட்டு 600 ரூபாய் டீ-ஷர்ட் வாங்கினால் மீதி 900 போனது போனதுதான். சாதாரணக் கூப்பன் பாக்கியை நினைவில் வைக்காது. கிஃப்ட் கார்டு மாதிரி வைக்கலாம், அதற்குத் தனிப் பிளகின், தனிச் செலவு. நாங்கள் 1,500-ஐ மூன்று 500 ஆக உடைத்தோம். 'இந்தக் கூப்பன் மட்டும்' என்ற பெட்டியில் டிக் போடாமல் விட்டால் மூன்றையும் ஒரே ஆர்டரில் சேர்த்துப் போடலாம், தனித்தனியாகவும் போடலாம். அழகான தீர்வு என்று சொல்ல மாட்டேன், ஆனால் எல்லோருக்கும் புரிந்தது.

உண்மையான இழுபறி நிதிப் பிரிவில். கூப்பன் என்ற பெயர்தான் அங்கே வினை.

கடையில் 1,600 ரூபாய் ஹூடி. ஊழியர் மூன்று கூப்பனையும் போட்டு 100 ரூபாய் கட்டுகிறார். மென்பொருளைப் பொறுத்தவரை விலை குறைந்துவிட்டது. மிஞ்சிய 100 ரூபாய்க்குத்தான் அது வரி கணக்கிடும். 5 சதவீத ஜிஎஸ்டி உள்ளடங்கிய விலை என்றால் வரி 4 ரூபாய் 76 காசு. ஆனால் கடைக்காரர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லையே. பாக்கி 1,500-ஐ நாங்கள் கட்டுகிறோம். ஜிஎஸ்டி சட்டத்தின் 15-ஆவது பிரிவு, விற்பவர் தானாகக் குறைத்து பில்லிலேயே காட்டும் தள்ளுபடியை மதிப்பிலிருந்து கழிக்க விடுகிறது. இன்னொருவர் பணம் போட்டு விலையைக் குறைத்தால் அந்தப் பணமும் மதிப்பில் சேரும். எங்கள் ஆடிட்டர் இதை ஒரே வரியில் முடித்தார்: "கஸ்டமருக்குத்தான் இது டிஸ்கவுண்ட். கடைக்கு முழுக் காசும் வருதில்ல?"

ஆகவே இரண்டு பில். ஊழியர் பெயரில் 100 ரூபாய்க்கு ஒன்று. மாதக் கடைசியில் கழிந்த கூப்பன் தொகைக்குக் கம்பெனி பெயரில் இன்னொன்று. அந்த 1,500-க்குள் வரி 71 ரூபாய் 43 காசு. இரண்டையும் கூட்டினால் 1,600-க்குச் சேர வேண்டிய 76 ரூபாய் 19 காசு சரியாக வந்துவிடுகிறது. திருப்பூர்க்காரரிடம் போனில் விளக்கியபோது, "ஏனுங்க மேடம், இத முன்னாலயே சொல்லியிருந்தா நானே ரெண்டு பில் போட்டிருப்பனுங்க" என்றார். 2025 செப்டம்பர் 22-இல் வரி மாறியதால் ஹூடி விலைப்பட்டியலை அவர் புதிதாக அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கு முன் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஆடைக்கு 12 சதவீதம். பிறகு 2,500 வரைக்கும் 5 தான்.

அந்த 71 ரூபாயை உள்ளீட்டு வரியாக, அதாவது கம்பெனி கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, திரும்ப எடுக்கலாமா என்று நிதி மேலாளர் கேட்டார். பரிசாகக் கொடுத்த பொருளுக்கு ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு அதை அனுமதிப்பதில்லை. அதனால் பட்ஜெட்டில் முழு 1,500-ஐயும் எழுதச் சொன்னார். வருமான வரியில் இன்னொரு கோடு: 2025-26-இல் முதலாளி தரும் பரிசும் வவுச்சரும் சேர்த்து வருஷத்துக்கு 5,000 ரூபாய்க்குள் அடங்கினால் ஊழியரின் சம்பளக் கணக்கில் ஏறாது. தீபாவளிக்கு ஏற்கெனவே வவுச்சர் கொடுத்திருந்தோம். 1,500 என்று தொகை நின்றது தாராள மனத்தால் அல்ல, இந்தக் கணக்கால்.

பர்ச்சேஸ் ஆர்டரில் நான் பிடிவாதமாக நின்றது ஒரே வரிக்காகத்தான்: 'கூப்பனின் முக மதிப்புக்கு அல்ல, கடையில் உண்மையில் கழிந்த தொகைக்கு மட்டுமே பில்.' திருப்பூரில் முன்பணமாக மொத்தத்தையும் கேட்டார்கள். உச்சவரம்பு மட்டும் போட்டுக் கொடுத்தோம். யாராவது பயன்படுத்தாமல் விட்டால் அந்தக் காசு எங்களிடமே இருக்கும்.

செக்யூரிட்டி அண்ணன்களுக்கும் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களுக்கும் கம்பெனி மின்னஞ்சல் கிடையாது, அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். ஊழியர் பட்டியலில் இல்லாதவர்களுக்கு எந்தத் தலைப்பில் செலவெழுதுவது என்று நிதிப் பிரிவு கேட்டது நியாயம்தான். அவர்களை விட்டுவிட்டு ரிசப்ஷனில் ஹூடி பார்சலைப் பிரித்துக்கொண்டு நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அலுவலக நலச் செலவில் எழுதினோம். மின்னஞ்சல் பூட்டு இல்லாத கூப்பனைத் துண்டுச் சீட்டில் அச்சடித்துக் கொடுத்தோம். ரிசப்ஷன் டேப்லெட்டிலேயே அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஹூடியை விட அதிகம் போனது டிஃபன் பை.

டெலிவரி கட்டணத்தைக் கூப்பன் தொடவில்லை. "ஃப்ரீன்னு சொன்னீங்களே, எண்பது ரூபாய் கேக்குது" என்று முதல் வாரம் முழுக்க மெசேஜ். ஆபீஸுக்கே வரவழைத்து எடுத்துக்கொண்டால் கட்டணம் இல்லை என்று ஒரு தேர்வைச் சேர்த்த பிறகு அடங்கியது. சைஸ் மாற்றுவதைக் கடை வழியே விடாமல் நேரடியாகத் திருப்பூருக்குப் போன் போட்டே முடித்தோம். ஆர்டரை ரத்து செய்து பணம் திருப்பினால் இரண்டு பில்லையும் திருத்த வேண்டும்.

காலாவதித் தேதியில் வூகாமர்ஸுக்கு ஒரு குணம் உண்டு: நீங்கள் போடும் தேதி பிறக்கிற நள்ளிரவிலேயே கூப்பன் செத்துவிடும். மார்ச் 31 முழுக்க வேலை செய்ய வேண்டுமானால் ஏப்ரல் 1 என்று போட வேண்டும். கூடவே கடையின் நேர அமைப்பு இந்திய நேரத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.