நம்ம ஆளு

நேத்து ராத்திரி நைஜீரியாவுல லாகோஸ்ல இருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு, அஞ்சு நிமிஷம் ஓடுது, அதுல பாதி ஜெனரேட்டர் சத்தம் தான். அனுப்புனது எனக்க பழைய டிரைவர். நான் அங்க அண்டி வாங்கப் போன ஆறு சீசனும் எனக்கு வண்டி ஓட்டுன மனுஷன். என்னை ஓகா ஓகான்னு கூப்பிடுவாரு, அங்க மொதலாளி, சார், பெரியவரு எல்லாத்துக்கும் அந்த ஒரு வார்த்தை தான். எத்தனையோ தடவ சொல்லிப் பாத்தேன் நீங்க என்னைவிட பத்து வயசு மூப்பு, பேரு சொல்லி கூப்பிடுங்கன்னு, கேக்கல. செரி நானும் அவரை ஓகான்னே கூப்பிட ஆரம்பிச்சேன், அதோட பிரச்சன தீந்துச்சு.

அண்டின்னா குமரி மாவட்டத்துக்கு வெளிய உள்ளவங்க முழிப்பாங்க. முந்திரிக்கொட்டை தாம்பா. (கேரளத்துக்காரங்க யாராவது வாசிச்சா சிரிக்காண்டாம்.) எங்க பக்கம் முந்திரி ஃபேக்டரிக்கு அண்டி ஆபீஸ்னு தான் பேரு, எனக்க அம்மை இருவது வருஷம் அண்டி ஆபீஸ்ல கொட்டை தல்லுனவ, அந்த எண்ணக் கறை கையில இருந்து இன்னும் முழுசா போகல. நம்மூர்ல விளையுற கொட்டை இந்த ஆபீஸ்களுக்கு ஒரு மூலைக்குக் காணாது, அதனால நைஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட், தான்சானியான்னு ஆப்பிரிக்காவுல இருந்து கப்பல்ல வரும். அதுல நைஜீரியா சீசன் பிப்ரவரில தொடங்கும். எனக்க வேலை அங்க போயி சாம்பிள் எடுத்து வெட்டிப் பாக்குறது, ஒரு கிலோ கொட்டைய எண்ணி, ஒவ்வொண்ணா ரெண்டா வெட்டி, நல்லது எவ்வளவு, கறுத்தது எவ்வளவு, பொக்கு எவ்வளவுன்னு நிறுத்து, 80 கிலோ சாக்குக்கு எத்தனை பவுண்டு பருப்பு வரும்னு கணக்கு சொல்லணும். வெளிய பாக்க எல்லா கொட்டையும் ஒண்ணு போல தான் இருக்கும், வெட்டுனா தான் தெரியும்.

வாய்ஸ் நோட்ல ஓகா என்ன சொல்றாரு, வழக்கமான புலம்பல் தான், பெட்ரோல், அரிசி, கரண்ட். 2023 மே 29-ல டினுபு பிரசிடெண்டா பதவியேத்த அன்னிக்கே மேடையில நின்னு ஃப்யூவல் சப்சிடி போச்சுன்னு சொன்னாரு, 200 நைராக்குக் கீழ நின்ன லிட்டர் பெட்ரோல் ரெண்டே மாசத்துல 600 தாண்டிச்சு, 2024 கடைசில 1000-உம் தாண்டிச்சு. நைராவையும் சந்தை விலைக்கு விட்டாங்க, டாலருக்கு 460 இருந்தது அடுத்த வருஷமே 1500-க்கு மேல. இத்தனைக்கும் ஆப்பிரிக்காவுல கச்சா எண்ணெய்ல முன்னணி நாடு, ஆனா கவர்மெண்ட் ரிஃபைனரி ஒண்ணும் ஓடாம கெடந்து வருஷக்கணக்கா பெட்ரோல வெளிநாட்டுல இருந்து வாங்குனாங்க. கடல் கரையில இருந்துட்டு உப்பு கடன் வாங்குன கதை.

இதெல்லாம் நியூஸ்ல வர்றது தான், நான் எழுத வந்தது அதில்ல. 2023 பிப்ரவரி.

நமக்கு 2016 நவம்பர் 8 மறக்குமா? அதே கூத்து அங்க 2023-ல நடந்துச்சு. 200, 500, 1000 நைரா நோட்டுக்கு புது டிசைன், பழசை ஜனவரி 31-க்குள்ள பேங்க்ல கட்டுன்னாங்க, பின்னே பிப்ரவரி 10 வரை நீட்டுனாங்க, பழசு உள்ள போச்சு ஆனா புதுசு வெளிய வரல. அண்டி சீசன் தொடங்குற நேரம் வேற. விவசாயி கையில காசு குடுத்தா தான் கொட்டை இறக்குவான், மொபைல்ல அனுப்புறேன்னா சிரிப்பான், சிக்னல் இருந்தா தானே. ரோட்டோரம் பிஓஎஸ் மெஷின் வச்சிருக்க பையன்கிட்ட போயி கார்ட தேச்சா 1000 நைராக்கு 200 கமிஷன். காசு வாங்க காசு குடுக்குற கொடுமை. ஏடிஎம் க்யூ விடியக்காலம் நாலு மணிக்கே தெருவைத் தாண்டும், நானும் ஓகாவும் மாறி மாறி நிப்போம்.

அந்த க்யூவுல தான் நான் நைஜீரியாவ ஒரே நாடா பாத்தேன், சத்தியமா. அங்க பெரிய இனம் மூணு, வடக்க ஹௌசா, தென்மேற்குல யொரூபா, தென்கிழக்குல இபோ. யொரூபா மாமி ஒருத்தி, நைட்டி மாதிரி பெரிய உடுப்பு, பிளாஸ்டிக் ஸ்டூலோட வந்து உக்காந்து கவர்மெண்ட்ட கிழி கிழின்னு கிழிக்கா, பின்னால நிக்க ஹௌசாக்காரன் தலைய ஆட்டுறான், இபோ பையன் ஜோக் அடிக்கான், எல்லாருக்கும் பொதுவா ஒரு பிட்ஜின் இங்கிலீஷ், யாருக்க ஆளு பிரசிடெண்ட்டு யாருக்க ஆளு எதிர்க்கட்சின்னு அங்க ஒருத்தன் கூட பேசல. கரண்ட் வந்தா 'அப் நேப்பா'ன்னு தெருவே கத்தும், நேப்பாங்குறது பழைய கரண்ட் போர்டு, அந்தப் பேரே மாறி வருஷம் எத்தனையோ ஆச்சு, ஆனா கத்துறது மட்டும் மாறல. க்யூவுல அன்னிக்கு கரண்ட் வந்தப்ப மாமி ஸ்டூல்ல இருந்து எந்திரிச்சு ரெண்டு கையையும் தூக்கி கத்துனா பாருங்க, எல்லாரும் சிரிச்சு கண்ணுல தண்ணி. அஞ்சு நிமிஷத்துல திரும்பவும் போயிட்டு.

பத்து பதினஞ்சு நாள் கழிச்சு பிப்ரவரி 25 எலெக்சன். 9 கோடியே 34 லட்சம் பேரு லிஸ்ட்ல, ஓட்டு போட்டது கால்வாசிக்கு கொஞ்சம் மேல. 87 லட்சத்து சொச்சம் ஓட்டுல டினுபு ஜெயிச்சாரு. ஆனா லாகோஸ், அவரு எட்டு வருஷம் கவர்னரா இருந்த லாகோஸ், அங்க பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் கொறஞ்ச ஓட்டுல, எதிர்த்து நின்ன பீட்டர் ஓபிகிட்ட தோத்துட்டாரு. ஓபி இபோ. அவ்வளவு தான், மூணு வாரத்துல பேச்சே மாறிட்டு. மார்ச் 18 கவர்னர் எலெக்சன், இது யொரூபா மண்ணு, வந்தேறிக்கு இங்க என்ன வேலை, எங்களுக்கு ஓட்டுப் போடாதவன் வீட்ட விட்டு எறங்காண்டாம்னு மிரட்டுற வீடியோ எல்லார் போன்லயும். எதிர்த்து நின்ன வேட்பாளரு ஒருத்தரு அப்பா வழியில லாகோஸ் யொரூபா தான், ஆனா அம்மா இபோ, அது போதுமாச்சே.

எங்க ஓகா இபோ. லாகோஸ் வந்து முப்பத்தஞ்சு வருஷம். அவருக்கு ஒரு வித்தை உண்டு, செக்போஸ்ட்ல போலீஸ்காரன் வாயத் தொறந்து ரெண்டு வார்த்தை பேசட்டும், இவன் எந்த ஊருன்னு கண்டுபிடிச்சு அந்த பாஷையில வணக்கம் சொல்லி குடும்பம் பிள்ளைங்க எல்லாம் சுகமான்னு கேட்டு, 'பசங்களுக்கு ஏதாவது' கேக்குற எடத்துல பாதி காசோட வண்டிய கடத்திருவாரு. நான் ரொம்ப ரசிப்பேன், ஏன்னா நானும் களியக்காவிளை தாண்டுனா நாக்க மாத்துற ஆளு தான், பாறசாலையில மலையாளம், இந்தப்புறம் தமிழ். அந்த மார்ச் 18-ல ஓகா குடோன்ல தான் இருந்தாரு. ஓட்டுப் போடப் போகல. யொரூபா தெளிவா பேசுவேன் ஓகா, ஆனா ஓட்டர் கார்டுல என் பேரு இருக்கே, அதை எந்த பாஷையில மாத்துவேன்னாரு. நாங்க ரெண்டு பேரும் அன்னிக்கு பூரா சும்மா கொட்டை வெட்டிட்டு இருந்தோம்.

குடோன் காவலுக்கு ஒரு வடக்கத்தி ஆளு உண்டு, கட்சினா மாநிலம். டினுபுக்கு முன்னால பிரசிடெண்டா இருந்த புஹாரிக்க சொந்த மாநிலம். 2015-லயும் 2019-லயும் நம்ம ஆளுன்னு புஹாரிக்கு தான் ஓட்டு குத்துனேன்னாரு. நம்ம ஆளு எட்டு வருஷம் ஆண்டாரு. 2017-ல மட்டும் வைத்தியத்துக்கு லண்டன்ல போயி நூறு நாளைக்கு மேல இருந்தாரு, தன்னோட நாட்டு ஆஸ்பத்திரி தனக்கே ஆகல. 2020 டிசம்பர்ல கான்காரா ஊர்ல ஸ்கூல் ஹாஸ்டல் புகுந்து 300-க்கு மேல பையன்களைத் துப்பாக்கிக்காரங்க ஓட்டிட்டுப் போனப்ப அதே கட்சினா மாநிலத்துல சொந்த ஊர்ல தான் பிரசிடெண்ட்டு இருந்தாரு. பிள்ளைங்க ஒரு வாரத்துல திரும்புனாங்க, நல்ல காலம். ஆனா இந்த காவல்காரருக்க ஊர்ல வயலுக்குப் போக பயம், அதனால தான் லாகோஸ்ல வந்து எங்க சாக்குக்கு காவல் இருக்காரு. நான் ஒருக்கா கேட்டேன், பின்னே எதுக்கு நம்ம ஆளு நம்ம ஆளுங்கீங்க? கொஞ்ச நேரம் யோசிச்சு சொன்னாரு, வேற ஆளு வந்திருந்தா இதைவிட மோசமா இருந்திருக்கும்னு.

இந்த பதிலை நான் எங்கயோ கேட்ட மாதிரியே இருந்துச்சு. எங்கன்னு நினைக்கீங்க, எங்க ஊர் டீக்கடையில தான். எங்க பக்கம் பாறைய ஒடச்சு கேரளத்துக்கு ஏத்திட்டு டாரஸ் லாரி ராப்பகலா ஓடி ரோடு குழியாகி கெடக்கு, பைக்ல போனா இடுப்பு கழண்டு விழும், கட்சி வித்தியாசம் இல்லாம எல்லாரும் திட்டுவோம். எலெக்சன் வந்தா வேட்பாளரு என்ன சாதி, எந்த சபை, எத்தனை ஓட்டு உண்டுன்னு தான் கணக்கு. குழி பற்றி அன்னிக்கு எவனும் பேசமாட்டான். அதனால நைஜீரியாக்காரன் ட்ரைபுன்னு சண்டை போடுறான்னு இங்க யாராவது நக்கலடிச்சா எனக்கு சிரிப்பு வரமாட்டேங்குது.

கோகி மாநிலத்துல அன்யிக்பா பக்கம் எங்களுக்கு ஒரு ஏஜெண்ட் இருந்தாரு, இகாலா இனம். அவரோட ஒருக்கா பேச்சு வந்துச்சு. அங்க ஒற்றுமைக்கு ஒரு வார்த்தை வச்சிருக்காங்க, வாஸோபியா. யொரூபாவுல வா, ஹௌசாவுல ஸோ, இபோவுல பியா, மூணுக்கும் அர்த்தம் 'வா'. எனக்கு ஆச்சரியம், யொரூபாவுல வான்னா வாவா? தமிழ்லயும் அது தான், மலையாளத்துலயும் அது தான்னேன். அவரு சிரிக்கல. ஐநூறு பாஷைக்கு மேல உள்ள நாடு, இந்த 'வா'வுல எங்க பாஷை எங்கே, எங்கள யாரு கூப்பிட்டாங்கன்னாரு. பெரிய மூணு பேரு சண்டை போட்டா உலகத்துக்கே தெரியும், நாங்க யாருக்க கணக்குலயும் இல்லங்குறாரு. கேரளத்துல தேவிகுளம் பீர்மேடு எஸ்டேட்டுல இருக்க எங்க சொந்தக்காரங்க இதே ராகத்துல பேசுவாங்க.

1914-ல லுகார்டு துரை வடக்கையும் தெக்கையும் ஒட்டவச்சு ஒரு நாடுன்னான், 1960-ல சுதந்திரம், ஏழே வருஷத்துல இபோக்காரங்க பியாஃப்ரான்னு தனி நாடு கேட்டு சண்டை, 1970 ஜனவரில முடியுறதுக்குள்ள பத்து லட்சத்துக்கு மேல ஜனம் செத்துச்சு, பட்டினியில செத்தது தான் அதிகம்ங்காங்க. ஜெயிச்சவனும் இல்ல தோத்தவனும் இல்லன்னு கவர்மெண்ட் அறிவிச்சுது, ஆனா இபோக்காரங்க பேங்க்ல எவ்வளவு போட்டிருந்தாலும் கையில குடுத்தது 20 பவுண்டு. ஓகாவோட அப்பாவும் அந்த 20 பவுண்டு வாங்குனவரு. அப்பாவுக்கு அப்புறம் 2023 நோட்டு க்யூவுல நானுன்னு சொல்லி சிரிப்பாரு.

எங்க மாவட்டமும் தமிழ்நாட்டோட சேர 1954 ஆகஸ்ட் 11-ல மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் துப்பாக்கி சூடு வாங்குனது தான், 1956 நவம்பர் 1-ல சேந்துச்சு. இன்னிக்கும் திருவனந்தபுரத்துல போனா பாண்டி, சென்னைல வாயத் தொறந்தா நீங்க மலையாளியா. எந்த ஊருங்குறதுக்கு அடுத்த கேள்வி எந்த ஆளு. நைஜீரியாவுல இந்தக் கேள்விய ஃபார்ம்லயே அடிச்சு வச்சிருக்கான், ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்னு. பிறந்த ஊரில்ல, அப்பன் பாட்டன் ஊரு. ஓகாவோட மகன் லாகோஸ்ல பிறந்து லாகோஸ்ல படிச்சவன், ஃபார்ம்ல இபோ மாநிலம் அனம்ப்ரான்னு தான் எழுதணும், அதுக்கு சர்டிபிகேட் வாங்க அவன் மூணே தடவ பாத்த ஊருக்கு பஸ் ஏறணும். 2013-ல மத்திய அரசு ஸ்கூல் அட்மிஷனுக்கு கட் ஆஃப் போட்டாங்க, அனம்ப்ரா பையனுக்கு 139, வடக்க உள்ள சம்ஃபாரா பையனுக்கு 4. உடனே இட ஒதுக்கீடுன்னு ஒரு கூட்டம் துள்ளிட்டு வரும், நான் அதுக்கு எதிரி இல்ல, அண்டி ஆபீஸ் தொழிலாளி மகன் நான், அதுல படிச்சவன் தான். ஆனா சம்ஃபாராவுல ஒழுங்கா ஸ்கூல் நடத்தாம மார்க்க மட்டும் எறக்கி வச்சா வடக்கத்தி பிள்ளைக்கு படிப்பும் வரல, தெக்கத்தி பிள்ளைக்கு வன்மம் மட்டும் வந்துச்சு. ரெண்டு பேரும் ஒருத்தன ஒருத்தன் மொறைக்கட்டும்னு விட்டுட்டு தலைவருங்க பிள்ளைங்க லண்டன்ல படிக்கு.

வாய்ஸ் நோட் கடைசில மகன் ஜாபா போறான்னாரு ஓகா. ஜாபான்னா யொரூபாவுல தப்பிச்சு ஓடுறது, இப்ப நாடு விட்டுப் போறதுக்கு எல்லா இனத்துக்காரனும் அந்த யொரூபா வார்த்தைய தான் சொல்றான். கனடாவுக்காம். பின்னாலயே ஒரு போட்டோ வந்துச்சு, மகனுக்க புது பாஸ்போர்ட். எதுக்கு இதை அனுப்புறாருன்னு பெருசாக்கிப் பாத்தேன். பிறந்த இடம்னு உள்ள வரியில லாகோஸ்னு அடிச்சிருக்கு, அதுக்குக் கீழ பையன் விரல வச்சு அழுத்திப் பிடிச்சிருக்கான், நகம் வெளுத்துப் போற அளவுக்கு.