தூதரக அதிகாரிகளுக்கு ஏஐ பாடம் எடுத்த அனுபவம்

ஜெனீவாவில் ஒரு குறுகிய காலப் படிப்பு. வகுப்பில் பாதிப்பேர் சர்வதேச உறவுகள் படிக்கும் மாணவர்கள், மீதிப்பேர் பணியில் இருக்கும் தூதரக அதிகாரிகள். எனக்குச் சோறு போடுவது மென்பொருள்தான் என்றாலும் பைத்தான் நிரல்மொழியில் தொடங்கவில்லை. அவர்களுக்கு அத்துப்படியான ஒன்றை எடுத்தேன். உக்ரைன் படையெடுப்பைக் கண்டித்து 2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் நடந்த வாக்கெடுப்பு: ஆதரவு 141, எதிர்ப்பு 5, நடுநிலை 35.

நடுநிலை வகித்த நாடுகள் எவை என்று சாட்பாட்டிடம் கேட்கச் சொன்னேன். இந்தியா, சீனா, இலங்கை, தென்னாப்பிரிக்கா என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. நடுவில் மொராக்கோவும் வெனிசுவேலாவும் வந்து சேர்ந்துகொண்டன. சொன்ன தோரணையில் துளி தயக்கம் இல்லை. மாணவர்கள் அப்படியே குறித்துக்கொண்டார்கள். பின்வரிசையிலிருந்து ஓர் அதிகாரிதான், "மொராக்கோ அன்றைக்கு வாக்களிக்கவே இல்லை. வெனிசுவேலா நினைத்தாலும் முடியாது, சந்தா பாக்கி" என்றார். ஐ.நா. சாசனத்தின் 19-ஆம் பிரிவுப்படி, இரண்டு ஆண்டுச் சந்தா அளவுக்கு நிலுவை சேர்ந்துவிட்டால் பொதுச்சபையில் வாக்குரிமை போய்விடும்.

அதற்கப்புறம்தான் வகுப்பு சூடுபிடித்தது. 193 உறுப்பு நாடுகளில் 12 எந்தக் கணக்கிலும் வரவில்லை. எக்செல்லில் ஆதரவுக்கு 1, எதிர்ப்புக்கு -1, நடுநிலைக்கு 0 என்று வைத்திருந்தோம். சரி, அந்த 12-க்கு என்ன போடுவது? அதற்கும் 0 போட்டால் கணினிக்கு இந்தியாவும் மொராக்கோவும் ஒன்றுதான். "வராமல் இருப்பதும் ஒரு நிலைப்பாடு" என்றார் ஒருவர். "பாக்கி வைத்தவருக்கு ஏது நிலைப்பாடு?" என்று இன்னொருவர். மாணவர்கள் வெற்றிடமாகவே விட்டுவிடலாம் என்றார்கள். ஏஐ கற்றுக்கொள்ளும் பயிற்சித் தரவுக்கும் யாரோ ஒருவர் இப்படி உட்கார்ந்துதான் எது எந்த வகை என்று முத்திரை குத்துகிறார் என்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. என்னைக் கேட்டால், இந்த வேலைக்கு என் போன்ற பொறியாளர்களைவிட அந்த அதிகாரிகள்தான் பொருத்தம்.

ஏஐ-க்கு அடிப்படையான நியூரல் நெட்வொர்க் கணக்கை அப்புறம் மேலோட்டமாகச் சொல்லி முடித்தேன். யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. ரகசியக் கோப்பு எதையும் சாட்பாட்டில் ஒட்டக்கூடாது, பொதுவில் கிடைக்கும் ஆவணம் மட்டும்தான் என்ற விதியை மட்டும் கறாராக வைத்தேன். அதில் அதிகாரிகள் என்னைவிடக் கறார்.

கடைசியில் அந்த 12 நாடுகளுக்கும் தனிக் குறியீடு போட்டு, பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு நெடுவரிசை சேர்த்தோம். அதை நிரப்பும் வேலை அதிகாரிகளுக்கு, ப்ரோகிராமை ஓட்டும் வேலை மாணவர்களுக்கு.