மட்டம் தெரிந்தவர் போன பிறகு

டெல்டாவில் மே மாதம் வந்தால் பேச்சு ஒன்றுதான். மேட்டூர் ஜூன் 12-ல் திறக்குமா, அதற்குள் கடைசிக் கிளைகளான சி, டி வாய்க்கால் வரைக்கும் தூர்வாரி முடிப்பார்களா. எத்தனை கிலோமீட்டர், எத்தனை கோடி என்ற கணக்கு பேப்பரில் வந்துவிடும். எந்த மட்டம் வரை வெட்டினார்கள் என்ற கணக்கு மட்டும் வராது. அந்த மட்டத்தைப் பற்றிப் பேச சஹாரா வரைக்கும் ஒரு நடை போய்வர வேண்டியிருக்கிறது. சொட்டுக்குச் சொட்டு கணக்குப் பார்க்கிற இடத்தில் இந்த விஷயம் பளிச்சென்று தெரியும்.

அல்ஜீரியாவின் தென்மேற்கில் துவாத், குராரா, திதிகெல்த் என்று மூன்று வட்டாரங்கள். அத்ரார், திமிமூன் ஊர்களெல்லாம் அந்தப் பக்கம்தான். ஆண்டுக்கு 20 மில்லிமீட்டர் மழைகூடக் கிடையாது. ஆனாலும் மேலே பேரீச்சை, அதன் நிழலில் மாதுளை, அத்தி, அதற்கும் கீழே கோதுமை, பார்லி, குதிரைமசால் என்று மூன்றடுக்கு வெள்ளாமை நடக்கிறது. அத்தனைக்கும் ஆதாரம் ஃபொக்காரா என்கிற சுரங்க வாய்க்கால். மேட்டுப் பக்கம் நிலத்தடி நீர் இருக்கிற இடத்திலிருந்து தோப்பு வரை, ஆள் குனிந்து போகும் அளவுக்குத் தரைக்கடியில் குடைந்திருப்பார்கள். வழி நெடுக, பத்து இருபது மீட்டருக்கு ஒன்றாகக் கிணறு மாதிரி துளைகள். மண்ணை வெளியே எடுக்க, காற்று வர, பின்னால் இறங்கித் தூர்வார, எல்லாவற்றுக்கும் அந்தத் துளைதான். எடுத்த மண்ணைத் துளையின் வாயைச் சுற்றி வளையமாகக் கொட்டிவிடுவார்கள், காற்றில் வரும் மணலுக்கு அது தடுப்பு. மோட்டார் இல்லை, ஏற்றம் இல்லை. தண்ணீர் சரிவில் தானாக வருகிறது.

சூட்சுமம் அந்தச் சரிவில் இருக்கிறது. மீட்டருக்குச் சில மில்லிமீட்டர்தான். கூடினால் தண்ணீர் வேகமெடுத்து அடிமண்ணை அரிக்கும், பக்கச்சுவர் சரியும், கூரை உட்காரும். குறைந்தால் வண்டல் படிந்து வழி அடைபடும். நீர்மட்டம் இறங்கினால் என்ன செய்யலாம் என்பதற்கும் இரண்டே வழி. சுரங்கத்தை மேட்டுப் பக்கம் இன்னும் உள்ளே குடைந்து நீட்டலாம். இல்லையென்றால் அடித்தளத்தை ஆழப்படுத்தலாம். ஆழப்படுத்தினால் தண்ணீர் வெளிவரும் வாயும் இறங்கும். பழைய தோட்டம் அதைவிட உயரத்தில் நின்றுவிடும். அப்படி ஆன இடங்களில் தோட்டங்களே ஒவ்வொரு படியாகப் பள்ளத்தை நோக்கி நகர்ந்திருக்கின்றன.

வெளியே வந்த தண்ணீரைப் பங்கு பிரிப்பதுதான் அங்கே பெரிய கலை. சுரங்க வாயில் ஒரு சின்னத் தொட்டி, அதன் முகத்தில் சீப்புப் பல் போல் வெட்டிய கல். அதற்குக் கஸ்ரியா என்று பெயர். ஒவ்வொரு பல்லிடுக்கும் ஒரு வாய்க்கால், ஒவ்வொரு வாய்க்காலும் ஒரு பங்காளி. பல்லிடுக்கின் அகலத்தை முடிவுசெய்கிறவர் நீர் அளவையாளர், அவர்கள் பேச்சில் கியால் எல்-மா. கையில் வெவ்வேறு அளவு துளைகள் போட்ட செப்புத் தகடு இருக்கும். ஓட்டத்துக்குக் குறுக்கே அதை வைத்து, ஓரங்களில் களிமண் அப்பிக் கசிவை அடைப்பார். துளைகளையும் களிமண்ணால் மூடிவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வருவார். பின்னால் தேங்கிய தண்ணீர் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை என்ற நிலை வந்ததும் நிறுத்துவார். திறந்திருக்கும் துளைகளின் கூட்டுத்தொகைதான் அன்றைய ஓட்டம். ஒரு ஹப்பா என்பது அலகு, அதை 24 கீராத்தாக உடைப்பார்கள். பக்கத்தில் கணக்கர் உட்கார்ந்து பங்கு போட, பதிவேட்டில் ஏறும். ஓட்டம் குறைந்தால் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் குறையும். சுரங்கத்தை நீட்ட ஆளோ பணமோ கொடுத்தவருக்குக் கூடுதல் ஓட்டத்தில் பங்கு. இந்தப் பங்கை விற்கலாம், குத்தகைக்கு விடலாம், பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். இரவெல்லாம் ஓடிவருவதைத் தோட்டத்துத் தொட்டியில் தேக்கி, காலையில் திறந்து பாய்ச்சுவார்கள்.

துவாத், திதிகெல்த் அளவையாளர்களின் இந்த அறிவை 2018-ல் யுனெஸ்கோ அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் ஏறிவிட்டதென்றாலே நிலைமை என்னவென்று ஊகித்துக்கொள்ளலாம்.

நம் பக்கம் தண்ணீருக்கு இத்தனை நுணுக்கமான அளவை தேவைப்படவில்லை. ஆனால் மட்டம் தேவைப்பட்டது. சோழர் கல்வெட்டுகளில் நிலத்துக்கு அடையாளம் சொல்லும்போது இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு (சிறு வாய்க்கால்), இத்தனையாம் சதிரம் (சதுர நிலத்துண்டு) என்றுதான் வரும். நிலத்தின் விலாசமே வாய்க்கால்தான். கல்லணைக்குக் கீழே ஆறு, கிளை ஆறு, ஏ, பி, சி, டி வாய்க்கால், வயல்மடை என்று இறங்கி, அதற்கும் அப்பால் வயலுக்கு வயல் வழிந்து தண்ணீர் கடைமடைக்குப் போகிறது. கடலை நெருங்க நெருங்க சரிவே தெரியாது. அந்தத் தரையில் ஒரு சாண் பிசகினாலும் தண்ணீர் நின்றுவிடும்.

ஜேசிபி வந்த பிறகு நடப்பதைப் பாருங்கள். வாய்க்காலின் பழைய அடிமட்டம் எது என்று ஓட்டுநருக்குத் தெரியாது. கேட்டுச் சொல்ல ஆளும் பக்கத்தில் இருக்க மாட்டார். பக்கெட் போகிற வரை அள்ளுவார். மதகின் தளத்தைவிட வாய்க்கால் ஒரு முழம் ஆழமாகிவிட்டால், தண்ணீர் பள்ளத்தில் குட்டை மாதிரி கிடக்கும், மடையில் ஏறாது. பார்க்கிறவருக்கு வாய்க்கால் நிறையத் தண்ணீர், வயல்காரருக்கு எஞ்சின் வைத்து இறைக்க வேண்டிய நிலைமை. துவாத்தில் சுரங்கம் இறங்கியதும் தோட்டம் மேலே நின்றுபோன அதே கதைதான். அங்கே தோட்டம் பள்ளத்துக்கு நகர்ந்தது, இங்கே டீசல் செலவு ஏறுகிறது. அடுத்தது மண். அள்ளியதைக் கரை விளிம்பிலேயே கொட்டினால் முதல் மழையில் பாதி திரும்ப வாய்க்காலுக்குள்தான். நெய்வேலி காட்டாமணக்கைத் துண்டு துண்டாக வெட்டிக் கரையில் போட்டால் ஒவ்வொரு துண்டும் வேர்விட்டு மறுபடி முளைக்கும். வேரோடு பிடுங்கி, தண்ணீர் படாத மேட்டில் காயவைத்து எரித்தால்தான் தொல்லை விடும்.

முன்பு ஊர் கூடிக் கையால் வெட்டியபோது இந்தத் தப்பு குறைவு. போன வருஷம் வெட்டியவரே இந்த வருஷமும் வெட்டினார், மண்ணின் நிறம் மாறுகிற இடத்தில் மண்வெட்டியை நிறுத்தினார். வண்டல் வேறு, பழைய தரை வேறு என்பது கைக்குத் தெரியும்.

ஆனால் அந்தக் கை யாருடையது என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் மரபு, மரபு என்று பாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஊரே சேர்ந்து வாய்க்காலைப் பராமரிக்கும் இந்த வழக்கத்தைக் குடிமராமத்து என்று நாம் பெருமையாகச் சொல்வதற்குப் பின்னால் 1858-ன் கட்டாய உழைப்புச் சட்டம் இருக்கிறது. வழக்கப்படி செய்யவேண்டிய வேலைக்கு வராதவரிடம் அந்த வேலையின் மதிப்பைப்போல் இருமடங்கு வசூலிக்கலாம் என்றது அது. சேற்றில் இறங்கியவர்கள் பெரும்பாலும் பண்ணையாட்கள், நிலம் இல்லாதவர்கள். வாய்க்கால் ஓடினால் பயன் யாருக்கோ. துவாத்திலும் இதே கணக்குதான். சுரங்கத்தைக் குடைந்தவர்களில் பெரும் பகுதி அடிமைகளும், ஹராத்தின் எனப்படும் கறுப்பின உழவர்களும். விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்குக்கு உழைத்தார்கள். 1962 விடுதலைக்குப் பிறகு எண்ணெய் வயலிலும் நகரத்திலும் கூலி வேலை கிடைத்ததும் சுரங்கத்தை விட்டு வெளியேறினார்கள். நம் ஊரில் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பஸ் ஏறியவர்களைக் குறைசொல்ல முடியுமா? அதுபோலத்தான்.

ஆள் போன இடத்துக்கு மோட்டார் வந்தது. அல்ஜீரியாவில் 1983-ல் ஒரு சட்டம்: பாலைநிலத்தைச் சாகுபடிக்குக் கொண்டுவந்தால் நிலம் உங்களுக்கே. ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. சுரங்கம் மேல்மட்ட நீரை மட்டுமே எடுக்க முடியும், பம்பு எவ்வளவு ஆழத்திலிருந்தும் எடுக்கும். பக்கத்தில் போர்வெல் ஓடினால் ஃபொக்காராவின் தலைப்பகுதி முதலில் காயும். தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்த பிறகு டெல்டாவின் மணற்பாங்கான இடங்களில் ஃபில்டர் பாயின்ட் என்கிற ஆழம் குறைந்த குழாய்க் கிணறு பெருகியது. தலைமடைக்காரர் அணை திறக்கும் முன்பே குறுவைக்கு நாற்று விட்டுவிடுகிறார். கெட்டது ஒன்றுமில்லை, நடவு முந்தினால் வடகிழக்கு மழைக்கு முன் அறுத்துவிடலாம். ஆனால் வாய்க்காலை நம்பாதவருக்கு வாய்க்கால் கூட்டத்துக்கு வர என்ன அவசியம்? பணம் கொடுப்பதும் குறைகிறது, ஆள் அனுப்புவதும் நிற்கிறது. கடைமடையில் போர்வெல் போட்டால் உப்பு ஏறுகிறது, அங்கே இருப்பவருக்கு வாய்க்காலை விட்டால் வேறு வழியில்லை. வாய்க்கால் தேவைப்படுகிறவர் கடைசியில் இருக்கிறார், அதைப் பராமரிக்க வசதி உள்ளவர் முதலில் இருக்கிறார்.

இன்னொன்றையும் சஹாராவிலிருந்து கவனிக்கலாம். வடகிழக்கு அல்ஜீரியாவின் எல் ஊத் பக்கம் சுரங்கம் கிடையாது. மணலில் பெரிய கிண்ணம் மாதிரி பள்ளம் தோண்டி, வேர் நேராக நிலத்தடி நீரைத் தொடும்படி பேரீச்சை வைப்பார்கள். பாய்ச்சவே வேண்டாம். ஆழத்திலிருந்து குழாயில் குடிநீர் வந்த பிறகு, வடிகால் இல்லாத ஊரின் கழிவுநீரெல்லாம் மணலில் இறங்கி நிலத்தடி மட்டம் உயர்ந்தது. பள்ளத்துத் தோப்புகள் பல வேரோடு அழுகின. எகிப்தின் சீவா பாலைவனச்சோலையிலும் கட்டுப்பாடில்லாமல் ஓடிய கிணறுகளின் தண்ணீர் வடிய இடமின்றித் தேங்கி நிலத்தை உப்பாக்கியது. பாலைவனத்திலேயே வடிகால் இல்லாமல் பயிர் மூழ்குகிறது என்றால், கார்த்திகை மழையில் சம்பா மூழ்கும் நாம் தூர்வாரும் பட்டியலில் வடிகாலைக் கடைசியில் போடுவது என்ன நியாயம்?

ஆகவே இந்த மே மாதத்துக்குச் சில வேலைகள். ஜேசிபி வருவதற்கு முன் உங்கள் ஊர் மதகின் தளத்தைச் சுரண்டிப் பாருங்கள், அடியில் கல்லோ பழைய சிமென்ட்டோ இருக்கும். அந்த மட்டத்தைப் பக்கச்சுவரில் பெயின்ட்டால் குறித்துவிடுங்கள். அங்கிருந்து ஒரு டியூப் மட்டம், அதாவது இரண்டு முனையும் திறந்த தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய், அதை வைத்து அடுத்த மதகு வரைக்கும் முப்பதடிக்கு ஒரு முளைக்குச்சி, இரண்டு மதகுத் தளத்துக்கும் உள்ள இறக்கத்தை முளைகளுக்குச் சமமாகப் பிரித்து. குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும், குமிழி போகும்வரை தண்ணீரை ஓடவிட்ட பிறகே வையுங்கள். முளையின் தலைதான் வாய்க்காலின் அடி என்று ஓட்டுநரிடம் சொல்லி, கூடவே நடக்க ஒருவரை நிறுத்துங்கள். அவர் ஊரில் அந்தக் காலத்தில் வாய்க்கால் வெட்டியவராக இருந்தால் ரொம்ப நல்லது. நாள் கூலியைப் பேசி, வேலைக்கு முன்பே கையில் கொடுத்துவிடுங்கள்.