37-க்குச் சற்று மேலே நின்ற பட்டை

டிஎன்ஏ-வின் பழுதை நீக்க உதவும் ஈஆர்சிசி1 என்ற புரதத்தின் மரபணு முழுவதுமாக நீக்கப்பட்ட செல்களில் அந்தப் புரதம் துளியும் இருக்க வழியில்லை. அப்படியிருந்தும், புரதங்களை எடை வாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் அச்செல்களின் சாற்றை ஓட்டிய தடத்தில், 37 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) குறிக்குச் சற்று மேலே ஒரு பட்டை அழுத்தமாக நின்றது. தடங்களை மாற்றி ஏற்றிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாள் புதிதாகச் சாறு எடுத்து மீண்டும் ஓட்டியபோதும் பட்டை அதே இடத்தில் இருந்தது. ஈஆர்சிசி1-ஐப் பிடித்துப் பட்டையாகக் காட்ட நான் பயன்படுத்தியது 8எஃப்1 என்ற மோனோகுளோனல் எதிர்ப்பொருள்; ஆய்வகப் பேச்சில் ஆன்டிபாடி.

ஈஆர்சிசி1 தனித்து எதையும் வெட்டுவதில்லை. எக்ஸ்பிஎஃப் என்னும் புரதத்துடன் இணைந்தால்தான் அது நொதியாகிறது. வெட்டும் திறன் எக்ஸ்பிஎஃப் பக்கம் இருக்க, அந்த இணையைப் பழுதுபட்ட டிஎன்ஏ-வின் மேல் சரியான இடத்தில் பொருத்த உதவுவது ஈஆர்சிசி1. புற ஊதாக் கதிரோ சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தோ டிஎன்ஏ இழையை உருக்குலைக்கும்போது, பழுதின் ஒரு பக்கத்தில் இந்த இணையும் மறுபக்கத்தில் எக்ஸ்பிஜி என்ற நொதியும் வெட்ட, ஏறக்குறைய 30 நியூக்ளியோடைடு (டிஎன்ஏ இழையின் அலகு) நீளமுள்ள துண்டு கழன்று வருகிறது. காலியான இடத்தை வேறு நொதிகள் நிரப்புகின்றன. இணையில் ஒன்று இல்லாவிட்டால் மற்றதும் செல்லுக்குள் நிலைப்பதில்லை. அதனால்தான் அன்று அதே சாற்றை எக்ஸ்பிஎஃப்-க்கான எதிர்ப்பொருளாலும் சோதித்துப் பார்த்தேன். எக்ஸ்பிஎஃப் பட்டை ஏறக்குறைய மறைந்திருந்தது. மரபணு உண்மையிலேயே நீங்கியிருக்கிறது, செல்களில் தவறில்லை. அப்படியானால் 8எஃப்1 வேறு எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்த எதிர்ப்பொருளுக்கு நீண்ட வரலாறு உண்டு. சிஸ்பிளாட்டின் டிஎன்ஏ-வைப் பழுதாக்கிப் புற்றுச் செல்லைக் கொல்கிறது; பழுதை நீக்கும் நொதி குறைவாக உள்ள கட்டியில் மருந்து நன்றாக வேலை செய்யும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. 2006-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஆய்வு, 761 நுரையீரல் கட்டிகளை 8எஃப்1 கொண்டு சாயமேற்றி, 335 கட்டிகளில் (44 விழுக்காடு) ஈஆர்சிசி1 இருப்பதாகவும், அது இல்லாத கட்டிகளை உடையவர்களுக்கே அறுவைக்குப் பிந்தைய சிஸ்பிளாட்டின் சிகிச்சை பலன் தந்ததாகவும் காட்டியது. யாருக்கு இந்தக் கடுமையான மருந்தைக் கொடுப்பது, யாரை அதிலிருந்து காப்பது என்பதைச் சிறு திசுத் துண்டின் பழுப்பு நிறம் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை அங்கிருந்து வளர்ந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் நானும் அதே எதிர்ப்பொருளை வாங்கினேன்.

8எஃப்1 பிடிக்கும் இன்னொரு புரதம் எது என்பது 2014-இல் வெளியானது: பிசிவைடி1ஏ. செல் சவ்வுக்குத் தேவையான பாஸ்ஃபடிடைல்கோலின் என்ற கொழுப்பை உருவாக்கும் பாதையில் வேலை செய்யும் நொதி அது. டிஎன்ஏ பழுதுநீக்கத்தோடு அதற்குத் தொடர்பில்லை. இதில் என்னை அதிகம் உறுத்துவது அதன் இருப்பிடம்தான். அந்தப் புரதமும் செல்லின் உட்கருவில் காணப்படுவது. திசுத் துண்டில் சாயமேற்றும்போது எடை வாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல் கிடையாது. கண்ணுக்குத் தெரிவது நிறமும் அது விழுந்த இடமும் மட்டுமே. டிஎன்ஏ-வைச் சீராக்கும் நொதியைத் தேடுபவர் உட்கரு பழுப்பாக இருப்பதைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே கொள்வார். சாயம் தவறான இடத்தில் விழுந்திருந்தால் யாராவது அப்போதே சந்தேகப்பட்டிருப்பார்கள்.

ஜெல்லில் பிரித்தால் தெரியாதா என்றால், தெரியும், ஆனால் பொறுமையாக ஓட்ட வேண்டும். ஈஆர்சிசி1 37 குறிக்கு அருகில் ஓடுகிறது. பிசிவைடி1ஏ ஏறக்குறைய 42 கிலோடால்டன். நேரத்தை மிச்சப்படுத்த 4 முதல் 20 விழுக்காடு வரை அடர்த்தி கூடிக்கொண்டே போகும் கிரேடியன்ட் ஜெல்லில், நீல முனை அடியைத் தொடுவதற்கு முன்பே மின்சாரத்தை நிறுத்திவிடுவது என் வழக்கமாக இருந்தது. அந்த ஓட்டத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே தடித்த பட்டையாகத் தெரிந்தன. பிறகு 12 விழுக்காடு ஜெல்லில் 25 கிலோடால்டன் குறி அடிவரை இறங்கும்வரை ஓட்டி, புரதங்களை மெல்லிய சவ்வுத் தாளுக்கு மாற்றி, எல்லாப் புரதங்களையும் காட்டும் பான்சோ சாயத்தில் தடங்கள் சமமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு, பால் பொடிக் கரைசலில் ஊறவைத்து, 4 டிகிரியில் இரவு முழுவதும் எதிர்ப்பொருளோடு ஆட்டி வைத்தேன். காலையில் எடுத்த படத்தில் இயல்பான செல்களின் தடத்தில் இரண்டு பட்டைகள் தெளிவாகப் பிரிந்திருந்தன. மரபணு நீக்கிய செல்களின் தடத்தில் கீழ்ப்பட்டை இல்லை; மேல்பட்டை மட்டும் அப்படியே இருந்தது. சிஸ்பிளாட்டின் கொடுத்த பின்பும் ஈஆர்சிசி1 அளவு மாறுவதில்லை என்று இரண்டு மாதங்களாக நான் எழுதி வைத்திருந்த அளவீடுகளில் எவ்வளவு பங்கு கொழுப்பு நொதியுடையது என்று பிரித்துச் சொல்ல இப்போது வழியில்லை. அந்தப் பக்கங்களை விலக்கிவிட்டு, சோதனைகளை முதலிலிருந்து செய்தேன்.

மோனோகுளோனல் என்ற சொல்லே நம்மை நிம்மதியாக்கிவிடுகிறது. கோலரும் மில்ஸ்டீனும் 1975-இல் வெளியிட்ட முறையில், ஒரே செல் வழியிலிருந்து ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டுமளவு பெறலாம். ஆனால் எல்லா மூலக்கூறுகளும் ஒரே எபிடோப்பைத்தான் (எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ளும் சிறு பகுதி) பிடிக்கும் என்பதற்கு மட்டுமே அது உறுதி. அதே எபிடோப்போ அதைப் போன்றதோ வேறொரு புரதத்தில் இல்லை என்பதற்கு உறுதி அல்ல. ஈஆர்சிசி1-எக்ஸ்பிஎஃப் எதிர்ப்பொருள்கள் பலவற்றை, அந்தப் புரதங்கள் குறைவுபட்ட மனிதச் செல்களை வைத்து ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வு, ஒரு முறைக்குப் பொருந்தும் எதிர்ப்பொருள் இன்னொரு முறைக்குப் பொருந்தாமல் போவதைத் தெளிவாகக் காட்டியிருந்தது. வாங்குவதற்கு முன் நான் அதைப் படித்திருக்க வேண்டும்.

2013-இல், 2006-இன் முடிவை வேறு நோயாளிகளின் கட்டிகளில் சரிபார்க்க முயன்ற ஆய்வும் அதே நியூ இங்கிலாந்து இதழில் வந்தது. முடிவு உறுதிப்படவில்லை. பழைய மாதிரிகளையே புதிய லாட் (தயாரிப்புத் தொகுதி) எதிர்ப்பொருளால் மீண்டும் சாயமேற்றியபோது பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒத்துவரவில்லை. அதைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் வெளிப்பட்டது. ஈஆர்சிசி1 நான்கு ஐசோஃபார்ம்களாக, அதாவது ஒரே மரபணுவிலிருந்து வரும் நான்கு வடிவங்களாக, உருவாகிறது. அவற்றில் 202 என்ற ஒன்றுதான் பழுதை முழுமையாக நீக்கும் திறனுடையது. சோதிக்கப்பட்ட 16 எதிர்ப்பொருள்களில் ஒன்றால்கூட அந்த நான்கையும் வேறுபடுத்திக் காட்ட முடியவில்லை. பிழையின்றி ஈஆர்சிசி1-ஐ மட்டுமே பிடிக்கும் எதிர்ப்பொருள் கையில் இருந்தாலும், வேலை செய்யும் நொதி எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லாது.

அதனால் இப்போது இணையையே அளக்க முயல்கிறேன். ஒன்று ஈஆர்சிசி1-ஐயும் மற்றது எக்ஸ்பிஎஃப்-ஐயும் பிடிக்கும்படி இரண்டு எதிர்ப்பொருள்களைச் சேர்த்து, அவை ஏறக்குறைய 40 நானோமீட்டருக்குள் நெருங்கியிருந்தால் மட்டும் ஒளிரும் புள்ளி தோன்றுமாறு செய்யும் பிராக்ஸிமிட்டி லைகேஷன் முறை அது. எக்ஸ்பிஎஃப்-உடன் பிணையும் பகுதி ஈஆர்சிசி1-இன் வால்முனையில் இருப்பதால், அது சிதைந்த ஐசோஃபார்ம்கள் புள்ளி தரக்கூடாது. ஒவ்வொரு கண்ணாடித் தகட்டிலும் இயல்பான செல்களுக்குப் பக்கத்திலேயே மரபணு நீக்கிய செல்களையும் வளர்த்து, அவற்றைத்தான் முதலில் நுண்ணோக்கியில் பார்க்கிறேன். சென்ற வாரத் தகட்டில் அந்தப் பக்கம் உட்கருக்கள் நீலமாக மட்டும் தெரிந்தன, ஒன்றிரண்டு புள்ளிகள் தவிர. அந்த ஒன்றிரண்டு எங்கிருந்து வருகின்றன என்பதைக் கண்டுபிடிக்க, எதிர்ப்பொருளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டுச் செய்யும் தகடுகளை இன்று தயார் செய்து வைத்திருக்கிறேன்.